வண்டி வேடிக்கை: கேபிளிலும் யூடியூபிலும் ஒரே நேரத்தில்

கேள்வி: போன ஆடித் திருவிழாவில், சாமி வேடம் போட்டவர்கள் அலங்கார வண்டிகளில் ஊர்வலம் வரும் எங்கள் வண்டி வேடிக்கையை லோக்கல் கேபிள், யூடியூப், ஃபேஸ்புக் மூன்றிலும் ஒரே நேரத்தில் லைவாகக் காட்டினோம். கேபிளில் அருமையாக வந்தது. நெட்டில் பார்த்தவர்களுக்குப் படம் நின்று நின்று வந்ததாம், ஏற்காட்டில் இருக்கும் அக்கா பாதியிலேயே விட்டுவிட்டார். இந்த வருஷம் என்ன செய்யலாம்?
- வாசகர், குகை, சேலம்

பதில்: கேபிளுக்கு உங்கள் கேமராவிலிருந்து ஒயரிலேயே படம் போயிருக்கும், அதற்கு நெட் தேவையில்லை. மற்ற இரண்டுக்கும் லேப்டாப்பிலிருந்து தனித்தனியாக அனுப்பியிருப்பீர்கள். 720பி தரப் படத்துக்கு ஒன்றுக்கு 4 எம்பிபிஎஸ் (நெட் வேகத்தின் அளவு) என்று வைத்தாலே இரண்டுக்கும் 8 ஆகிறது, இதில் கணக்கு டவுன்லோடு இல்லை, அப்லோடு. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். தெரு கொள்ளாத கூட்டம், ஆளாளுக்கு வீடியோ எடுத்து அனுப்புகிறார்கள், எல்லாம் ஒரே டவரில்.

வண்டி போகிற வழியில் ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் கேட்டு லேன் ஒயர் இழுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஒரே ஸ்ட்ரீமை வாங்கி இரண்டு தளத்துக்கும் பிரித்து அனுப்பும் ரீஸ்ட்ரீம் சேவைகள் இருக்கின்றன, அதில் போட்டால் அப்லோடு பாரம் பாதியாகிவிடும். சேனல் புதிது என்றால் யூடியூப் முதல் லைவுக்கு அனுமதி தர 24 மணி நேரம் வரை ஆகும், முன்கூட்டியே போட்டுவையுங்கள்.

படத்தைவிட நான் கவலைப்படுவது சத்தத்துக்குத்தான். நடக்க முடியாமல் வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கு எந்த வண்டியில் யார் என்ன வேடம் என்று மைக்கில் சொல்வது காதில் விழ வேண்டும், கேமரா மைக்கில் பட்டாசும் பம்பையும் சேர்ந்து அதை அமுக்கிவிடும். மைக் செட்காரரிடம் சொல்லி மிக்ஸரிலிருந்தே ஒரு லைன் எடுங்கள், கேமரா மைக்கைக் கொஞ்சமாகக் கலந்தால் போதும், திருவிழாக் களை வந்துவிடும்.

கேபிளைவிட யூடியூபில் அரை நிமிடம் வரைகூடப் பிந்தி வரும், அது கோளாறு இல்லை. அதைக் குறைக்கப் போனால் படம் நிற்பது கூடும், அப்படியே விடுங்கள். ஆனால் வண்டிகளில் போடும் சினிமாப் பாட்டு மட்டும் லைனில் ஏறாமல் பாருங்கள், காப்புரிமைப் பிடியில் சிக்கினால் யூடியூப் நடுவிலேயே லைவை நிறுத்திவிடலாம்.