மீன் அமிலத்தில் இருக்கும் அமினோ அமிலத்தைச் செடி அப்படியே எடுத்துக்கொள்ளுமா?

மீன் அமிலம் (மீனை வெல்லத்தோடு ஊறவைத்த கரைசல்) ஊற்றினால், அதிலுள்ள அமினோ அமிலத்தை (புரதத்தின் கட்டுமானத் துண்டு) செடி அமினோ அமிலமாகவே எடுக்குமா, இல்லை அது மண்ணில் சிதைந்து வெறும் நைட்ரஜன் ஆன பிறகுதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அமினோ அமிலமாகவே எடுக்கும்ங்க. 1998-இல் ஸ்வீடன் காட்டு மண்ணில் கிளைசின் என்ற அமினோ அமிலத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். அதன் கார்பன், நைட்ரஜன் இரண்டிலும் ஐசோடோப்பு அடையாளம் (அதே தனிமத்தின் எடை கூடிய அணு) வைத்திருந்தார்கள். மண்ணிலேயே சிதைந்திருந்தால் நைட்ரஜன் அடையாளம் மட்டும்தான் வேருக்குப் போயிருக்கும். இரண்டுமே சேர்ந்து போயிருந்தன.

ஆனால் தானாக ஊறி உள்ளே போவதில்லை. செல்லைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பாலானது, அமினோ அமிலம் அதைச் சுலபமாகத் தாண்டாது. போதாததற்கு, மண்நீரில் இருப்பதைவிடப் பல நூறு மடங்கு செறிவு செல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. பள்ளத்துக் கிணற்றிலிருந்து மேட்டுக்காட்டுக்குத் தண்ணீர் ஏற்றுவது போலத்தான், கரண்ட் இல்லாமல் நடக்காது.

அந்தக் கரண்டைச் செல்லே உண்டாக்குகிறது. சவ்வில் உள்ள ஒரு புரதம், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகிறது. வெளிப்பக்கம் புளிப்பேறும். உட்பக்கம் 100 மில்லிவோல்ட்டுக்கும் மேல் எதிர்மின்னாக நிற்கும். வெளியேறிய அயனி திரும்பி வரப் பார்க்கும். அதற்கு வழிவிடும் கடத்திப் புரதம், அயனியோடு ஒரு அமினோ அமிலத்தையும் பிடித்துக்கொண்டு உட்பக்கமாகத் திறந்து இரண்டையும் விடுகிறது. இப்படிப்பட்ட கடத்தியை 1993-இல் கண்டுபிடித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: அமினோ அமிலத்தைச் சரியாக எடுக்க முடியாத ஈஸ்ட்டுக்குள் அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுக்கூடச் செடியின் மரபணுக்களைப் போட்டு, எது பிழைத்து வளர்கிறது என்று பார்த்தார்கள். வேரில் எல்எச்டி1, ஏஏபி1, ஏஏபி5 என்று பல கடத்திகள் உண்டு. லைசின், அர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் இரண்டையும் முக்கியமாக ஏஏபி5 எடுக்கிறது.

சரி, தோட்டத்துக்கு வருவோம். ஏடிபி போதுமான அளவு உண்டாக வேருக்குக் காற்று வேண்டும். கோபிப் பக்கம் வாய்க்கால் தண்ணீர் பாய்ந்து மஞ்சள் காட்டில் ஈரம் கட்டி நிற்கும்போது மீன் அமிலம் விடாதீர்கள். தண்ணீர் வடிந்து, மண் பொலபொலவென்று இருக்கும்போது விடுங்கள். அப்போதும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திலேயே பெரும்பங்கைத் தின்றுவிடும். அது வீண் என்று நான் சொல்லமாட்டேன், அந்த நைட்ரஜன் பிறகு அமோனியமாகவும் நைட்ரேட்டாகவும் வேருக்குக் கிடைக்கும்.

இலையில் தெளித்தால் முதலில் மெழுகுப் பூச்சைத் தாண்ட வேண்டும், அப்புறம் இலைச் செல்லிலும் இதே முறைதான். ஈரம் சீக்கிரம் காயாமல் இருக்க வெயில் தாழத் தெளியுங்கள். கடத்திகளின் வேகத்துக்கு ஒரு உச்சம் உண்டு. அதனால் டேங்குக்கு வழக்கமாக ஊற்றுவதைவிட இரண்டு மடங்கு ஊற்றினால் செடிக்குள் இரண்டு மடங்கு போகாது, இலை கருகத்தான் வாய்ப்பு அதிகம்.