வான்கோவும் செல்லூர் தம்பியும்

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. கடைகளுக்குப் போர்டு எழுதுவான், சொந்தமாகப் படமும் வரைவான். மூன்று மாதமாகச் சரியான தூக்கமில்லை, பிரஷ்ஷைத் தொடவில்லை. "இருந்து என்னத்துக்கு" என்கிறான். டாக்டரிடம் கூப்பிட்டால், "மாத்திரை போட்டா வரையிற கை போயிரும், வான்கோவே கிறுக்குப் பிடிச்சுத்தான் வரைஞ்சாரு" என்று மடக்குகிறான். அம்மாவோ பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போகணும் என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, செல்லூர், மதுரை

பதில்: வான்கோ காத்திருக்கட்டும், சகோதரி. முதலில் அந்த "இருந்து என்னத்துக்கு". இன்று ராத்திரியே தம்பியைத் தனியாக உட்காரவைத்து, "செத்துப்போயிரலாம்னு தோணுதாடா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. பெரும்பாலும், கேட்க ஒரு ஆள் வந்ததே என்று மனசு கொஞ்சம் இளகும். ஆமாம் என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். தனியே விடாமல், அப்போதே பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். இல்லை என்றாலும் காலையில் அங்கேயே மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போடுங்கள். இடையில் யாரிடமாவது பேச வேண்டுமானால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

இப்போது வான்கோ. அந்த டச்சு ஓவியர் 1889 மே மாதம் பிரான்சில் சேன்-ரெமி மனநல விடுதியில் சேர்ந்தார். யாரும் இழுத்துப்போகவில்லை, அவராகவே போனார். அங்கிருந்த ஒரு வருஷத்தில் சுமார் 150 ஓவியங்கள். இதைத்தான் உங்கள் தம்பி கேள்விப்பட்டிருப்பான். கேள்விப்படாத பாதி ஒன்று உண்டு. அந்த ஜூலையில் நோய் முற்றியபோது வாரக்கணக்கில் அவரால் வரைய முடியவில்லை. தணிந்த பிறகே மறுபடி வரைந்தார். மனச்சோர்வுக்கு மாத்திரை வந்ததே அவர் இறந்து அறுபது வருஷத்துக்கும் பிறகுதான். கிடைத்திருந்தால் வேண்டாம் என்றிருப்பாரா? எனக்குத் தோன்றவில்லை.

அவ்வளவு தூரம் எதற்கு? எங்கள் உசிலம்பட்டிப் பக்கத்து இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் அத்தைகளைப் பார்த்திருப்பீர்கள். கல்லும் கரையும். ஆனால் அடி பிசகாது, எதுகை தப்பாது. நடுவில் நிறுத்தி, யார் மாலையோடு வருகிறார்கள் என்று பார்த்து, அவர் பேரையும் பாட்டுக்குள் கொண்டுவந்துவிடுவார்கள். துக்கத்தைப் பாட்டாக்க அத்தனை தெம்பு வேண்டும். நிஜமாகவே உடைந்துபோனவள் சுவரோரம் பேச்சில்லாமல் கிடப்பாள். உங்கள் தம்பி மூன்று மாதமாக அந்தச் சுவரோரம்தான் இருக்கிறான். நோய்தான் வரைய வைக்கிறது என்றால் இந்நேரம் வீடு நிறையப் படம் இருக்க வேண்டுமே! இதை அவனிடமே கேட்டுப்பாருங்கள், சண்டையாக இல்லாமல்.

மாத்திரை பற்றிய பயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். சிலருக்கு ஆரம்பத்தில் வாய் உலரும், அசதி வரும், சில மருந்துக்குக் கை நடுங்கும். "நான் போர்டு எழுதுறவன், கை நடுங்கக் கூடாது" என்று டாக்டரிடம் அவனே சொல்லட்டும். அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்கள். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். அதற்குள் இவனாக நிறுத்திவிடக் கூடாது.

அம்மாவோடு மல்லுக்கு நிற்காதீர்கள். பாண்டி முனி விபூதிக்கும் மாத்திரைக்கும் பகையில்லை; ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுக் கோயிலுக்கும் போங்கள். எங்கேயாவது "கட்டிப்போட்டு வைங்க" என்று யாராவது சொன்னால் மட்டும் உடனே எழுந்து வந்துவிடுங்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 தீவிபத்தில் சங்கிலியில் கிடந்து மனநோயாளிகள் 28 பேர் செத்ததை நாம் மறக்கவில்லை. 2017 மனநலச் சட்டப்படி சங்கிலி போடுவதற்குத் தடையும் இருக்கிறது.

கொஞ்சம் தேறியதும் "ஏதாவது வரைடா" என்று நச்சரிக்க வேண்டாம். அந்தப் பிரஷ்கள் பெயிண்ட் காய்ந்து கட்டையாகக் கிடக்கும். அவன் தூங்கும்போது சத்தமில்லாமல் கழுவி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.