பக்கத்தில் நின்றவன்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நானும் நண்பர்கள் நால்வரும் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளி மாணவிகளுக்குப் பாலியல் வன்முறை பற்றி விழிப்புணர்வு வகுப்பு எடுக்க நினைக்கிறோம். இதையெல்லாம் பேசினால் பிள்ளைகள் கெட்டுவிடும் என்கிறார் தலைமையாசிரியர். என்னென்ன புத்தகங்கள் படித்துத் தயாராகலாம்?

– ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்

அன்புள்ள தம்பி,

இந்த வயதில் இதற்காக மெனக்கெடுகிறீர்களே, பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போடத் தோன்றுகிறது. ஆனால் ‘மாணவிகளுக்கு’ என்ற இடத்தில் கோபம் வந்தது. பையன்களை என்ன செய்வீர்கள்? மைதானத்துக்கு அனுப்பிவிடுவீர்களா? எப்படி உடுத்துவது, எந்த வழியில் போவது என்று பெண்பிள்ளைகள் நினைவு தெரிந்த நாள் முதல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒன்றும் கேட்காமல் வளர்கிறவன் பையன்தான். அவனுக்கும் கொடுமை நடக்கிறது. பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் எல்லாருக்கும் உரியது. அதை அவனிடம் யார் சொன்னார்கள்?

2021 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் சானல் கான்டோஸ் என்ற இளம்பெண் இன்ஸ்டாகிராமில் கேட்டார்: சிட்னியின் ஆண்கள் பள்ளியில் படித்த ஒருவனால் உங்களுக்கோ உங்களுக்கு நெருங்கியவருக்கோ பாலியல் வன்முறை நடந்திருக்கிறதா? ஒரே நாளில் 200 பேருக்கு மேல் ஆம் என்றார்கள். சம்மதம் என்றால் என்னவென்று சின்ன வயதிலேயே பள்ளியில் சொல்லிக்கொடுங்கள் என்றுதான் அவர் கேட்டார். மறு ஆண்டே கல்வி அமைச்சர்கள் அதைப் பாடத்திட்டத்தில் கட்டாயமாக்க ஒப்புக்கொண்டார்கள்.

அதைப் படித்த அன்று எனக்கு எங்கள் டவுன் பஸ் ஞாபகம் வந்தது. அப்போது பத்தாம் வகுப்பு. என் கூட்டாளி கூட்டத்தைச் சாக்கிட்டு முன்னால் நின்ற பெண்மேல் சாய்ந்துகொண்டே வந்தான். அவள் புத்தகப்பையை முதுகுக்கு மாற்றினாள். கையில் ஊக்கு ஒன்றைத் திறந்து வைத்திருந்தாள். பஸ் குலுங்கியதில் அது அவள் கட்டைவிரலிலேயே குத்தி, ரத்தம் பொட்டாக நின்றது. அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நான் சிரித்தேன். அடுத்த நிறுத்தத்தில் அவள் இறங்கிவிட்டாள். அது அவள் ஊர் இல்லை.

“டேய், தள்ளி நில்லுடா” என்று நான் சொல்லியிருந்தால் நின்றிருப்பான். வாத்தியார் பேச்சைக் கேட்காதவன் கூட்டாளி பேச்சைக் கேட்பான். நரைத்த தலையோடு நான் போய் நின்றால் கொட்டாவி விடுவான். நீங்கள் போனால் நிமிர்ந்து உட்காருவான். பஸ்ஸில் நண்பன் சாய்கிறான், வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தியின் போட்டோ வருகிறது, என்ன சொல்வாய்? ஒவ்வொரு பையனையும் எழுப்பி நிறுத்தி, வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு நாளோடு விடாதீர்கள், திரும்பத் திரும்பப் போங்கள்.

தலைமையாசிரியர் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்களிடம் பேசுங்கள்.

ஒன்று மட்டும். எந்தப் பிள்ளையாவது உங்களிடம் வந்து சொன்னால், ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நடந்தது தெரியவந்தவர் புகார் தெரிவித்தாக வேண்டும் என்கிறது போக்சோ. குடைந்து கேட்காதீர்கள். உங்கள் நண்பர்கள் நால்வரிடம்கூடப் பெயரைச் சொல்லாதீர்கள். பிள்ளையைத் தனியே விடாமல் கூடவே இருந்து, குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

எந்தக் கிழமை போகிறீர்கள் என்று எழுதுங்கள். புத்தகங்களைப் பற்றி அப்புறம் பேசலாம்.