நகையை அடகு வைக்கும் முன் ஒரு வினாத்தாள்

அம்மா, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வுக்காக மகளைச் சென்னையில் விடுதியில் தங்கவைத்துப் பயிற்சி மையத்தில் சேர்க்கலாமா, அதற்கு நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். இந்தத் தேர்வுக்குத் தேவையானதில் பெரும்பகுதி நீங்கள் பேருந்தில் போய்வரும் தூரத்திலேயே காசில்லாமல் கிடைக்கிறது. அதை முழுக்கப் பயன்படுத்திய பிறகும் எந்த இடத்தில் இடறுகிறது என்று தெரிந்தால், அந்த ஒரு இடத்துக்கு மட்டும் பணம் போடலாம்.

தேர்வின் அமைப்பைப் பாருங்கள். 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். நேர்முகத் தேர்வு கிடையாது. 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கும் மனத்திறனும். தமிழில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். எல்லாமே பத்தாம் வகுப்புத் தரம். அப்படியென்றால் பாதி மதிப்பெண்ணுக்கான அடிப்படை பள்ளித் தமிழ்ப் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தப் புத்தகங்களைப் பள்ளிக் கல்வித் துறை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஆனால் கைபேசித் திரையில் பத்துப் புத்தகம் படிப்பது நடக்காத காரியம். தெருவில் 6 முதல் 10 வரை படித்து முடித்த பிள்ளைகளின் வீட்டில் கேளுங்கள். பழைய புத்தகத்தை யாரும் தரமாட்டேன் என்று சொல்வதில்லை. 2018க்குப் பிறகு வந்த புதிய பாடநூல்தானா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

படிக்கும் முறையில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். கதை படிப்பதுபோல் பாடத்தை ஒருமுறை படித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். தமிழ்ப் புத்தகத்தில் 'நூல்வெளி' என்ற பெட்டி, சொல்லும் பொருளும், 'கற்கண்டு' இலக்கணப் பகுதி, பாடத்தின் கடைசியில் உள்ள பயிற்சி வினாக்கள் ஆகிய நான்கையும் வரி விடாமல் படிக்க வேண்டும். ஆசிரியர் யார், எந்த நூல், அடைமொழி என்ன போன்ற கேள்விகளுக்கான விடை அங்கேதான் இருக்கிறது. கூடவே தேர்வாணைய இணையதளத்திலிருந்து இப்போதைய பாடத்திட்டத்தை அச்செடுத்து மேசைமேல் ஒட்டி, முடித்த தலைப்பை அடித்துக்கொண்டே வரட்டும். பாடத்திட்டம் மாறக்கூடியது, பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பி, நீக்கிய தலைப்பில் ஒரு மாதத்தைத் தொலைத்தவர்கள் உண்டு.

அடுத்து, மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். அங்கே தன்னார்வப் பயிலும் வட்டம் என்ற பெயரில் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு நடத்துகிறார்கள். தொலைபேசியில் கேட்பதைவிட நேரில் போவது நல்லது. ஆதார் நகலும் பாஸ்போர்ட் அளவு புகைப்படமும் கையில் இருக்கட்டும். அடுத்த அணி எப்போது தொடங்குகிறது, மாதிரித் தேர்வு வைக்கிறார்களா, வெளியாட்கள் மாதிரித் தேர்வை மட்டும் எழுத முடியுமா என்று மூன்று கேள்வி கேளுங்கள். வகுப்பின் தரம் மாவட்டத்துக்கு மாவட்டம், ஆசிரியருக்கு ஆசிரியர் வேறுபடும். அதனால் அங்கே கிடைப்பதில் மாதிரித் தேர்வையும் சேர்ந்து படிக்கும் கூட்டத்தையும்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். வேலைவாய்ப்புத் துறையின் மெய்நிகர் கற்றல் வலைதளத்திலும் பாடக்குறிப்புகள் இலவசம்.

வீட்டில் படிக்க இடமில்லை என்று எழுதியிருந்தீர்கள். மாவட்ட மைய நூலகத்தில் போட்டித் தேர்வுப் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். பல நகராட்சிகளில் அறிவுசார் மையமும் கட்டியிருக்கிறார்கள். காலையில் கதவு திறக்கும்போதே போனால்தான் மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்கும். நாளிதழையும் அங்கேயே படித்துக் குறிப்பெடுத்துக்கொள்ளலாம். நடப்பு நிகழ்வுக்குத் தனியாக மாத இதழ் வாங்க வேண்டாம்.

இலவசத்தில் ஒரு ஆபத்தும் உண்டு. டெலிகிராம் குழுக்களில் நாளுக்கு இருபது பிடிஎஃப் வருகிறது. சேர்த்து வைத்தாலே படித்த மாதிரி ஒரு நிம்மதி வந்துவிடும். ஒரு பாடத்துக்கு ஒரு புத்தகம், அதையே மூன்று முறை படிப்பது என்று முடிவு செய்துவிட்டு, மற்ற குழுக்களிலிருந்து இன்றைக்கே வெளியே வரச் சொல்லுங்கள்.

பணம் செலவழிக்க வேண்டிய இடம் எதுவென்று கேட்டால், உள்ளூர்த் தட்டச்சுப் பயிலகம் என்பேன். குரூப் 4-இல் தட்டச்சர் பணியிடங்களும் உண்டு. அரசுத் தொழில்நுட்பத் தேர்வின் தட்டச்சுப் பிரிவில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை (சீனியர் கிரேடு) தேறியவர்களுக்கு அதில் முன்னுரிமை. ஒன்றில் முதுநிலையும் மற்றொன்றில் இளநிலையும் (ஜூனியர் கிரேடு) இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். அந்தச் சான்றிதழ் இல்லாதவர்கள் அந்தப் பணியிடங்களுக்குப் போட்டிக்கே வர முடியாது. நாளுக்கு ஒரு மணி நேரம் போதும். தேர்வாணையத் தேர்வு தள்ளிப்போனாலும் இந்தச் சான்றிதழ் கையில் நிற்கும்.

இன்னொரு வேலை, இதைத் தள்ளிப்போடவே கூடாது. மகள் முழுக்கத் தமிழ் வழியில் படித்தவர் என்றால் 20 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படித்த ஒவ்வொரு பள்ளியிலும், தேர்வாணையம் தந்திருக்கும் படிவத்தில், தலைமையாசிரியர் கையெழுத்தோடு சான்றிதழ் வாங்க வேண்டும். தொடக்கப் பள்ளியை மறந்துவிட்டு உயர்நிலைப் பள்ளியில் மட்டும் வாங்கிக்கொண்டு போய், சான்றிதழ் சரிபார்ப்பில் உரிமையை இழக்கிறவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது. அறிவிக்கை வந்தபின் ஓடினால் பள்ளி விடுமுறையில் இருக்கலாம். இந்த மாதமே வாங்கிவிடுங்கள். சாதிச் சான்றிதழிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். தேர்வாணைய இணையதளத்தில் செய்யும் ஒருமுறைப் பதிவுக்குக் கட்டணம் 150 ரூபாய், 5 ஆண்டு செல்லும். குரூப் 4 தேர்வுக் கட்டணம் 100. சலுகை உள்ள பிரிவினருக்குத் தேர்வுக் கட்டணத்திலிருந்து விலக்கு உண்டு.

சென்னை தேவையா என்பதை ஊகித்து முடிவு செய்ய வேண்டாம். தேர்வாணைய இணையதளத்தில் பழைய வினாத்தாளும் விடைக்குறிப்பும் இருக்கின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றை அச்செடுத்து, கைபேசியை உங்களிடம் வாங்கி வைத்துக்கொண்டு, சரியாக 3 மணி நேரம் எழுத வையுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. அதனால் விடைத்தாளில் உள்ள 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது வட்டத்துக்குப் போகாமல் எல்லாக் கேள்விக்கும் விடை குறிக்கட்டும். திருத்திய பிறகு ஒவ்வொரு தவறையும் தனி நோட்டில் எழுதி, படிக்காததா, படித்து மறந்ததா, அவசரத்தில் தவறியதா என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். படிக்காததற்குப் புத்தகமும் மறந்ததற்குத் திருப்புதலும்தான் மருந்து. அவசரத்தில் தவறியதற்கு இன்னும் நிறையத் தேர்வு எழுத வேண்டும். பயிற்சி மையம் தீர்த்துவைக்கக்கூடிய குறை அந்த நோட்டில் எவ்வளவு என்று அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும். கணக்கில் மட்டும் 25க்கு 10 தாண்டவில்லை என்றால், உள்ளூரில் ஒரு கணக்கு ஆசிரியரிடம் இரண்டு மாதம் தனி வகுப்பு போதும்.

வாரம் ஒன்றாக நான்கு வினாத்தாள் முடிந்ததும் நான்கு மதிப்பெண்களையும் அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். நகையைப் பற்றி அப்போது பேசலாம்.