பழைய ஃபிரிட்ஜில் பீரை நொதிக்கவைக்கலாமா?

கேள்வி: வீட்டில் 20 லிட்டர் அளவில் ஏல் வகை பீர் காய்ச்சுகிறேன். அறை வெப்பநிலை 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதே இல்லை. பீரில் நெயில் பாலிஷ் போல ஒரு காட்டமான வாசனை வருகிறது. பழைய ஃபிரிட்ஜ் ஒன்று சும்மா கிடக்கிறது. அதை நொதித்தல் பெட்டியாக மாற்றலாமா? அதிலுள்ள தெர்மோஸ்டாட்டே போதுமா? சென்சாரை எங்கே வைப்பது?

பதில்: தாராளமாக மாற்றலாம். நீங்கள் சொல்லும் வாசனைக்குப் பெரும்பாலும் வெப்பம்தான் காரணம். பெரும்பாலான ஏல் ஈஸ்ட்டுகள் 18 முதல் 22 டிகிரிக்குள் ஒழுங்காக வேலை செய்யும். அதைத் தாண்டினால் பழ வாசனையோ நெயில் பாலிஷ் வாசனையோ தரும் எஸ்டர்கள் என்ற சேர்மங்களும் தொண்டையைச் சுடும் கன ஆல்கஹால்களும் கூடிவிடும். அறை 28 டிகிரி என்றால் கலனுக்குள் 28 டிகிரிதான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். சர்க்கரையைத் தின்னும்போது ஈஸ்ட் வெப்பத்தை வெளியிடுகிறது. நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது பீர், சுற்றியுள்ள காற்றைவிட 3 முதல் 5 டிகிரி வரை சூடாக இருக்கலாம்.

அதனால் சென்சாரைப் பெட்டிக்குள் வெறும் காற்றில் தொங்கவிட வேண்டாம். நமக்குத் தெரிய வேண்டியது பீரின் வெப்பநிலை. கலனின் வெளிச்சுவரில், பீர் மட்டத்தின் நடுப்பகுதியில் சென்சாரை வைத்து, மேலே இரண்டு விரல் தடிமனுள்ள ஃபோம் துண்டை அழுத்தி டேப் ஒட்டுங்கள். ஃபோம் இல்லாமல் ஒட்டினால் பாதி காற்றின் வெப்பநிலையைத்தான் அது காட்டும். கலனின் மூடி வழியாக உள்ளே இறங்கும் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் கிடைத்தால், அதற்குள் சென்சாரை வைப்பது இன்னும் நல்லது.

ஃபிரிட்ஜின் சொந்த தெர்மோஸ்டாட் போதாது. உணவு கெடாமல் இருக்கச் சில டிகிரியில் நிற்கும்படி செய்யப்பட்டது அது. 19 டிகிரியில் நிறுத்த வராது. சென்சார் காட்டும் வெப்பநிலையைப் பார்த்து மின்சாரத்தை விடவும் நிறுத்தவும் செய்யும் டிஜிட்டல் கன்ட்ரோலர் ஒன்றை வெளியே வைத்து, ஃபிரிட்ஜின் பிளக்கை அதில் செருகுங்கள். உள்ளே இருக்கும் திருகை அதிகக் குளிருக்குத் திருப்பிவிட்டால், மின்சாரம் வரும்போதெல்லாம் கம்ப்ரெசர் ஓடும், நிறுத்துவதைக் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும். எலக்ட்ரானிக் போர்டு உள்ள புது மாடல்களில் சில, மின்சாரம் போய் வந்தால் தானாக ஓடத் தொடங்காது. இந்த வேலைக்குப் பழைய ஃபிரிட்ஜ்தான் வசதி.

கன்ட்ரோலரில் இரண்டு அமைப்புகள் முக்கியம். வெப்பநிலை இடைவெளியை, அதாவது குறித்த அளவைவிட எவ்வளவு ஏறினால் ஃபிரிட்ஜ் ஓட வேண்டும் என்பதை, 0.5 முதல் 1 டிகிரி வரை வையுங்கள். கம்ப்ரெசர் நின்றபின் மறுபடி ஓடுவதற்கான தாமதத்தைக் குறைந்தது 3 நிமிடமாவது வையுங்கள், 5 இருந்தால் நல்லது. அடிக்கடி நின்று நின்று ஓடினால் கம்ப்ரெசர் சீக்கிரம் கெட்டுவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ஒயருக்காக ஃபிரிட்ஜின் சுவரில் துளை போடாதீர்கள். குளிர்வாயுக் குழாய்கள் சுவருக்குள்ளேயே ஓடலாம், ஒன்றில் துளை விழுந்தால் ஃபிரிட்ஜே போச்சு. சென்சார் ஒயர் மெல்லியது, கதவு ரப்பருக்கு இடையில் விட்டாலே போதும். கன்ட்ரோலர் பெட்டி ஈரம் படாமல் வெளியே இருக்கட்டும், எர்த் இணைப்பு அவசியம்.

ஈஸ்ட் போடுவதற்கு முன்பே வோர்ட்டை (இன்னும் நொதிக்காத மால்ட் சாறு) 18 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடுங்கள். முதல் மூன்று நாள்தான் சுவையைத் தீர்மானிக்கிறது, அப்போது 19ஐத் தாண்ட விடாதீர்கள். கொந்தளிப்பு அடங்கியதும் 21க்கு ஏற்றினால், வெண்ணெய் வாசம் தரும் டயாசிட்டிலை ஈஸ்ட்டே சுத்தப்படுத்திவிடும். உங்கள் அறைச் சூட்டில் இதற்குத் தனி ஹீட்டர் தேவைப்படாது, அளவை மாற்றி வைத்தாலே மெல்ல ஏறிவிடும்.

முதல் பீருக்கு முன் கலனில் 20 லிட்டர் தண்ணீரை நிரப்பி ஒரு நாள் ஓடவிடுங்கள். வேறொரு தெர்மாமீட்டரைத் தண்ணீருக்குள் விட்டுக் கன்ட்ரோலர் காட்டும் அளவோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் கன்ட்ரோலரின் திருத்த அமைப்பில் சரிசெய்துவிட்டு, அப்புறம் காய்ச்சத் தொடங்குங்கள்.