கேளுங்க, சொல்றேன்: ஓரோமோ ஊர்களின் பச்சிலைகள்

(மேற்கு ஓரோமியாவில் தாவரவியல் ஆசிரியராக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

எத்தியோப்பியாவின் ஓரோமோ மக்களுக்கும் நம் சித்த வைத்தியம் போல ஏட்டுச்சுவடி உண்டா?
– வாசகர், திண்டுக்கல்

அந்த நாட்டில் பழைய மருத்துவச் சுவடிகள் உண்டு. ஆனால் அவை கீயெஸ் என்ற பழைய மொழியிலும், அந்நாட்டின் இன்னொரு மொழியான அம்ஹாரிக்கிலும் இருப்பவை. ஓரோமோ மொழி இன்றைய லத்தீன் எழுத்தை முறைப்படி ஏற்றதே 1991-ல்தான். ஆகவே கிராமத்து வைத்தியம் முழுக்க வாய்வழிச் சொத்து.

அதிலும் இரண்டு தட்டு. சின்னச் சின்ன உபாதைக்கு வீட்டுப் பெண்களே வைத்தியர்கள். நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மாவிடம் காய்ச்சல், தலைவலி என்று சொன்னால் போதும், வேலியோரம் போய் டமகசே இலையைக் கிள்ளி வருவார். நம் துளசிக்குப் பங்காளிச் செடி அது. உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, பச்சைச் சாற்றைக் காபியில் பிழிந்து குடிக்கக் கொடுப்பார். சக்கையை நெற்றியில் தேய்த்துவிடுவார். வயிற்றுவலி என்றால் காபிக் கிண்ணத்தில் சதாப்பு இலை ஒரு கொத்து. ஆமாம், நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த அதே சதாப்பு இனம்தான்.

எபிச்சா என்று ஒரு கசப்பு மரம் உண்டு. அதன் இலை வயிற்றுப் பூச்சிக்கு மருந்து. பார்லியைப் புளிக்கவைத்து 'ஃபர்சோ' என்ற வீட்டு பீர் போடும் முன் பானையின் உட்புறத்தை இந்த இலையால்தான் கரகரவென்று தேய்த்துக் கழுவுவார்கள். மருந்துச் செடி வேறு, பாத்திரம் தேய்க்கும் செடி வேறு என்ற பாகுபாடே அந்த அடுப்படியில் கிடையாது.

இரண்டாவது தட்டில் இருப்பவர் ஊர் வைத்தியர். பச்சிலை பறிக்கத் தனியாகத்தான் போவார். நம் கைக்கு வரும்போது அது பொடியாகவோ விழுதாகவோ இருக்கும், இன்ன செடி என்று கண்டுபிடிக்கவே முடியாது. பெற்ற பிள்ளைகளிலும் வாயைக் காப்பாற்றத் தெரிந்த ஒருவருக்குத்தான் சொல்லிக் கொடுப்பார். என்னுடன் வேலை பார்த்தவர்கள் இதை மூடநம்பிக்கை என்பார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. பிழைப்பும் அதில் இருக்கிறது, பாதுகாப்பும் இருக்கிறது. ஏன் என்று அடுத்த கேள்வியில் பாருங்கள்.

அங்கே பச்சை மாட்டிறைச்சி சாப்பிடுவார்களாமே, நாடாப்புழு வராதா?
– வாசகி, நாகர்கோவில்

வரும். அதற்கென்றே ஒரு மரம் இருக்கிறது. ஓரோமோ மொழியில் ஹேத்தோ, அம்ஹாரிக்கில் கோஸோ. பாலே மலை போன்ற குளிர்ந்த உயரங்களில் வளர்வது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. மருந்துக்கு ஆவது பெண் மரத்தின் சிவந்த பூங்கொத்து. அதைக் காயவைத்து இடித்து, தண்ணீரில் கரைத்து, விடிகாலையில் வெறும் வயிற்றில் ஒரே மூச்சாகக் குடிக்க வேண்டும். குமட்டும். சில மணி நேரத்தில் பேதியாகிப் புழு வெளியேறும். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மருந்துக்கடைகள் வரை போன சரக்கு இது.

ஆனால் அளவு மீறினால் கண் பார்வையே கெட்டுவிடும். பார்வை நரம்பு பாதிக்கப்பட்டவர்கள் பற்றி மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. பூவின் பெயர் சந்தையில் எல்லோருக்கும் தெரியும். இந்த உடம்புக்கு எவ்வளவு கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பது வைத்தியருக்குத்தான் தெரியும். சரக்கு எது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு, அளவு தெரியாமல் ஒருவர் கிளம்பினால் என்ன ஆகும், யோசியுங்கள்.

புழுவுக்கு இன்னொன்றும் உண்டு, ஹான்கூ என்ற புதர்ச்செடியின் விதை. எம்பெலியா இனம். நம் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் வாய்விடங்கமும் அதே எம்பெலியாதான், அதையும் நாம் பூச்சிக்குத்தான் கொடுக்கிறோம். இரண்டு நாட்டாரும் ஒரே இனத்துச் செடியை ஒரே நோய்க்கு எடுத்திருக்கிறார்கள். யாரும் யாரையும் பார்த்துச் செய்தார்களா என்றால், அப்படித் தோன்றவில்லை.

அவர்களின் கைவைத்தியத்தை விஞ்ஞானிகள் சீந்தினார்களா?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

நன்றாகச் சீந்தினார்கள். ஹண்டோடே என்ற கொடியின் காய் அங்கே சோப்பு. காய்ந்த காயை இடித்துத் தண்ணீரில் போட்டால் நுரை பொங்கும். அம்ஹாரிக்கில் இதற்கு எண்டோட் என்று பெயர். 1964-ல் அக்லிலு லெம்மா என்ற எத்தியோப்பிய ஆராய்ச்சியாளர், வடக்கே திக்ராய் பகுதியின் அத்வா ஊரில் ஓர் ஓடையைப் பார்த்தார். பெண்கள் இந்தக் காயால் துணி துவைத்த இடத்துக்குக் கீழே நத்தைகள் செத்துக் கிடந்தன. பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணிப் புழு நோயைப் பரப்பும் நத்தைகள் அவை. அந்த ஆராய்ச்சிக்காக 1989-ல் லெக்கெஸ்ஸே வோல்டே-யோஹன்னெஸ் என்பவருடன் சேர்த்து அவருக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. துவைத்த பெண்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்காதீர்கள்.

நாய்க்கடிக்கு அங்கே ஏதோ வேர் தருகிறார்களாமே, பெயர் சொல்வீர்களா?
– வாசகர், ஓசூர்

தருகிறார்கள், பெயரும் தெரியும், சொல்ல மாட்டேன். வெறிநோய் வந்துவிட்டால் வேரும் காப்பாற்றாது, ஆஸ்பத்திரியும் காப்பாற்றாது. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு, நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

ஹேத்தோப் பொடி வரவழைத்துத் தர முடியுமா? பணம் அனுப்புகிறேன்.
– வாசகி, சேலம்

பணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. நாடாப்புழு என்று சந்தேகம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மலப் பரிசோதனை செய்து பாருங்கள். இருந்தால் டாக்டரே பிராசிகுவாண்டல் மாத்திரை எழுதித் தருவார்.