உலையை மூடினாலும் திறந்தாலும் டன் கணக்கை ஒருவர் எழுதியாக வேண்டும்

நெய்வேலியிலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். பழுப்பு நிலக்கரி மின்நிலையத்தில் ஷிப்ட் பார்ப்பவர், ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். மகள் கெமிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருடம். ஜெர்மனியில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் எரிசக்தி மேலாண்மை முதுகலைக்கு 32 லட்சம் ஆகும், வீட்டுப் பத்திரத்தை வைத்தால் கடன் கிடைக்கும் என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். பெண்ணின் தாய்மாமாவோ, "அங்கே அணு உலையெல்லாம் திரும்பத் திறக்கப் போகிறார்கள், நியூக்ளியர் எடுக்கச் சொல்லுங்கள்" என்கிறாராம். நிலக்கரியை மூடப் போகிறார்கள் என்று செய்தியில் பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை.

கவலை நியாயமானதுதான். ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்பினால் பத்திரம் வங்கிக்குப் போய்விடும். அதனால் நேராகச் சொல்கிறேன் ஐயா: அந்தக் கடனை வாங்காதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். 32 லட்சத்துக்குப் பத்தரை சதவீத வட்டி என்றால், படிக்கும் இரண்டு வருடத்திலேயே ஏறக்குறைய 6.7 லட்சம் வட்டி சேரும். பத்து வருடத் தவணையில் மாதம் 52,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு, மகளுக்கு அங்கே வேலை கிடைக்காத ஒவ்வொரு மாதமும் அந்தத் தவணை உங்கள் ஓய்வுக்காலப் பணத்திலிருந்துதான் போகும். இத்தனைக்கும் ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே கிடையாது. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் வெளிநாட்டு மாணவருக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து வெளிநாட்டு மாணவரிடம் முதுகலைக்கு ஒரு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. விசாவுக்காக முடக்கக் கணக்கில் போடும் 11,904 யூரோ, கட்டணம் அல்ல. மாதம் 992 யூரோவாக உங்கள் மகள் கைக்கே திரும்பி வரும் சாப்பாட்டுப் பணம் அது. ஏஜென்ட் இதைச் சொல்லியிருக்க மாட்டார், அரசுப் பல்கலைக்கழகத்திலிருந்து அவருக்குக் கமிஷன் வராது.

அடுத்து தாய்மாமா. அவர் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் தகவல் பழசு. ஜெர்மனி 2002இல் அணுமின்சாரத்தை விட்டு விலகச் சட்டம் போட்டது. 2010இல் சான்சலர் மெர்க்கலின் அரசு உலைகளின் ஆயுளை நீட்டித்தது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்து. சில மாதங்களுக்குள் அதே மெர்க்கல் அரசு 17 உலைகளில் எட்டை நிரந்தரமாக மூடியது. உக்ரைன் போரில் எரிவாயு தட்டுப்பட்டபோது கூட்டணிக்குள் சண்டை வந்து, 2022 அக்டோபரில் சான்சலர் ஷோல்ஸ் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி மூன்றரை மாதம் மட்டும் நீட்டித்தார். 2023 ஏப்ரல் 15 அன்று இசார் 2, எம்ஸ்லாண்ட், நெக்கர்வெஸ்ட்ஹைம் 2 என்ற கடைசி மூன்று உலைகளும் நின்றன. 2024 ஆகஸ்டில் கிராஃபன்ரைன்ஃபெல்ட் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்களை வெடி வைத்தே தகர்த்தார்கள். மேடைப் பேச்சில் யாராவது 'திறப்போம்' என்று சொல்லலாம், ஆனால் அங்கே நடந்துகொண்டிருப்பது உடைக்கும் வேலை. அணுத்துறையே மகளின் ஆசை என்றால் அதற்கு நம் நாட்டிலேயே வழி இருக்கிறது. அது அவள் ஆசை என்று உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லையே.

நிலக்கரியின் கதையும் இதே போலத்தான் வளைந்து நெளிந்து போகிறது. 2038க்குள் நிலக்கரி மின்சாரத்தை நிறுத்தும் சட்டத்தை 2020இல் நிறைவேற்றினார்கள். அதே வருடம்தான் டாட்டெல்ன் 4 என்ற புது நிலக்கரி நிலையமும் ஓடத் தொடங்கியது. ரைன்லாந்து பகுதிக்கு மட்டும் கெடுவைப் பிறகு 2030க்கு முன்னே இழுத்தார்கள். கிழக்கே லவுசிட்ஸ் பகுதி, நெய்வேலி மாதிரியே பழுப்பு நிலக்கரியை நம்பி வாழும் ஊர்கள், இன்னும் 2038 கணக்கில்தான் நிற்கிறது. 2022 நெருக்கடியில், நிறுத்தி வைத்திருந்த யூனிட்டுகளைத் திரும்ப ஓட்டினார்கள்.

இந்த இழுபறிக்கு நடுவே மூன்றாவதாக ஒன்று 2005 முதல் நிற்காமல் ஓடுகிறது: ஐரோப்பிய உமிழ்வு வணிகம். மொத்தம் இத்தனை டன் கரியமில வாயுதான் விடலாம் என்று ஓர் உச்சவரம்பு. ஒவ்வொரு டன்னுக்கும் ஓர் உரிமம். விட்ட அளவுக்கு உரிமத்தை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காத ஒவ்வொரு டன்னுக்கும் அபராதம் 100 யூரோவும் அதற்கு மேல் பணவீக்கத்துக்கு ஏற்ற உயர்வும். அபராதம் கட்டினாலும் உரிமம் தரும் கடமை தீராது.

மூன்றும் ஒன்றோடொன்று முட்டும் இடம் இங்கேதான். அணு உலையை மூடினால் அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு நிலக்கரிக்குப் போகிறது, உரிமத்தின் விலை ஏறுகிறது. நிலக்கரி நிலையத்தைச் சட்டம் போட்டு மூடினால் அது வாங்கியிருக்க வேண்டிய உரிமங்கள் சந்தையில் மிச்சமாகின்றன. போலந்திலோ வேறெங்கோ இன்னொரு ஆலை அவற்றை வாங்கிப் புகை விடலாம். அதைத் தடுக்க, மூடும் நாடு தன் பங்கிலிருந்து உரிமங்களை ரத்து செய்யலாம் என்கிறது ஐரோப்பியச் சட்டம். எத்தனை வரை? மூடுவதற்கு முந்தைய ஐந்து வருடங்களில் அந்த நிலையத்தின் சரிபார்க்கப்பட்ட உமிழ்வின் சராசரி அளவு வரை. 'சரிபார்க்கப்பட்ட' என்ற அந்தச் சொல்லில்தான் உங்கள் மகளுக்கான வேலை இருக்கிறது.

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியை மறுபடி படியுங்கள். புராஜெக்டுக்காக பாம்ப் கலோரிமீட்டரில் (எரித்து வெப்பத்தை அளக்கும் கருவி) நிலக்கரி மாதிரி வைத்தாள், மூன்று தடவையும் எண் ஒத்து வரவில்லை, ஒரு வாரம் அதையே குடைந்துகொண்டிருந்தாள், "வீணாக நேரம் போக்குகிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அது வீண் இல்லை. உமிழ்வு அளவீடும் சரிபார்ப்பும் என்ற தொழில் முழுக்க முழுக்க அந்தக் குடைச்சல்தான்.

வேலை எப்படி இருக்கும்? பெரும்பாலான மின்நிலையங்களில் கரியமில வாயுவைப் புகைபோக்கியில் அளப்பதில்லை, எரித்த நிலக்கரியிலிருந்து கணக்கிடுகிறார்கள். எடை, நிகர வெப்ப மதிப்பு (ஈரம் ஆவியாகப் போகும் வெப்பத்தைக் கழித்தது), உமிழ்வுக் காரணி (அந்த வெப்பத்துக்கு எத்தனை டன் வாயு என்பது), சாம்பலில் எரியாமல் தங்கிய கரிக்கான திருத்தம், நான்கையும் பெருக்க வேண்டும். சர்வதேச இயல்பு மதிப்பின்படி பழுப்பு நிலக்கரி டன்னுக்கு 11.9 கிகாஜூல், ஒரு டெராஜூலுக்கு, அதாவது ஆயிரம் கிகாஜூலுக்கு, 101 டன் வாயு. ஆக, ஒரு டன் எரித்தால் சுமார் 1.2 டன். வருடம் 50 லட்சம் டன் எரிக்கும் நிலையம் 60 லட்சம் டன் விடுகிறது. நிலக்கரி போகும் பெல்ட்டின் எடைமானி ஒரு சதவீதம் பிசகினால் 60,000 டன் மாறும். உரிமம் 70 யூரோ என்று வையுங்கள், 42 லட்சம் யூரோ. யூரோவுக்கு 100 ரூபாய் போட்டால் 42 கோடி ரூபாய். வருடத்துக்கு 5 லட்சம் டன்னுக்கு மேல் விடும் நிலையத்தில் எரிபொருளின் அளவைப் பொதுவாகப் பிளஸ் மைனஸ் 1.5 சதவீதத்துக்குள் நிரூபிக்கச் சொல்வதும், மொத்தக் கணக்கில் 2 சதவீதத்துக்கு மேல் பிழை இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டிய பிழையாக எடுப்பதும் இதனால்தான்.

எங்கே தப்பு நடக்கும் என்பதை அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள் என்றே தோன்றுகிறது. பழுப்பு நிலக்கரியில் பாதி ஈரம். மாதிரிப் பையின் வாயைச் சரியாகக் கட்டாமல் ஒரு நாள் வைத்து, ஈரம் 52 சதவீதத்திலிருந்து 49க்கு இறங்கிவிட்டால், உலர்ந்த பொருள் 48லிருந்து 51 ஆகிறது. இல்லாத வெப்பம் 6 சதவீதத்துக்கு மேல் கணக்கில் ஏறிவிடும். அந்த எண்ணை பெல்ட்டில் போன ஈர எடையோடு பெருக்கினால் முழு வருடமும் பிழை. இன்னொன்று, நம் ஊர் அறிக்கைகள், ஆவி வெப்பத்தைக் கழிக்காத மொத்த வெப்ப மதிப்பில் இருக்கும், உமிழ்வுக் காரணியோ நிகர மதிப்புக்கானது. கெட்டி நிலக்கரியில் இந்த வித்தியாசம் சுமார் 5 சதவீதம். பாதி ஈரமுள்ள பழுப்பு நிலக்கரியில் 10 சதவீதத்தையும் தாண்டும். அவளுடைய மூன்று எண்களும் ஏன் ஒட்டவில்லை என்று பார்க்க, முதலில் பையின் ஈரத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

சரிபார்ப்பவர் ஆலையின் ஆள் இல்லை, அங்கீகாரம் பெற்ற தனி நிறுவனத்தின் ஆள். எதை எப்படி அளக்கிறோம் என்று ஆலை எழுதி வைத்திருக்கும் கண்காணிப்புத் திட்டத்தைப் படித்து, எங்கே பிழை வரலாம் என்று முதலில் பட்டியல் போடுவார். பிறகு ஆலைக்குப் போய் எடைமானியின் அளவுத்திருத்தச் சான்று, யார்டில் ஆண்டுக் கடைசியில் இருந்த கையிருப்பு, ஆய்வகத்தின் ஐ.எஸ்.ஓ. 17025 என்ற சோதனைத் தர அங்கீகாரம் எல்லாவற்றையும் பார்ப்பார். அவர் முடிவை அதே நிறுவனத்தில் வேலையில் சம்பந்தப்படாத இன்னொருவர் மறுபடி படிப்பார். மார்ச் 31க்குள் அறிக்கை போக வேண்டும், அதனால் ஜனவரியிலிருந்து மூன்று மாதம் வீட்டை மறக்க வேண்டியிருக்கும். இதையும் மகளிடம் மறைக்காதீர்கள்.

கார்பன் விலை விழுந்தால் இந்த வேலையும் போய்விடாதா? 2013இல் விலை 5 யூரோவுக்கும் கீழே போனது, 2023 பிப்ரவரியில் 100ஐத் தொட்டது. இரண்டு வருடத்திலும் ஒவ்வொரு ஆலையும் சரிபார்த்த அறிக்கையைத் தந்தே தீர வேண்டியிருந்தது. தரகர் வேலை விலையோடு ஆடும், கணக்கெடுக்கும் வேலை சட்டக் கடமை.

இதற்கு ஜெர்மனி போயே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நம் மத்திய அரசு 2023 ஜூனில் கார்பன் கிரெடிட் வணிகத் திட்டத்தை அறிவித்தது. சிமென்ட், அலுமினியம், காகிதம், ஜவுளி, உரம், சுத்திகரிப்பு என்று ஒன்பது துறைகள் அதில் வருகின்றன. அனல்மின் நிலையங்கள் முதல் கட்டத்தில் இல்லை. ஐரோப்பா போல மொத்த உச்சவரம்பு இங்கே கிடையாது, ஒரு டன் பொருளுக்கு இத்தனை உமிழ்வு என்ற இலக்கு. அங்கீகரிக்கப்பட்ட கார்பன் சரிபார்ப்பு நிறுவனங்கள் இதற்கும் தேவை. 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் வரி விதிகளும் முழுதாக நடைமுறைக்கு வந்துவிட்டதால், இங்கிருந்து எஃகுத் திருகும் போல்ட்டும் அனுப்புபவரிடம்கூட அங்கே இறக்குமதி செய்பவர் உமிழ்வுக் கணக்கு கேட்கலாம்.

ஆகவே முதலில் வேலை, பிறகு படிப்பு. அரியலூர்ப் பக்கம் இருக்கும் சிமென்ட் ஆலை ஆய்வகமோ எரிசக்திப் பிரிவோ, இரண்டு மூன்று வருடம். சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, அளவுத்திருத்தச் சான்றுகள் அவள் கையில் பழகும். எரிசக்தித் திறன் பணியகத்தின் எரிசக்தித் தணிக்கையாளர் தேர்வில் நான்கு தாள். எழுதவே அனுபவம் கேட்பார்கள், அதற்கும் இந்த வருடங்கள் உதவும். பக்கத்திலேயே ஜெர்மன் மொழி. வேலைக்குப் போதுமான பி2 நிலைக்கு 600 மணி நேரமாவது வேண்டும், தினம் ஒரு மணி என்றால் இரண்டு வருடத்துக்குள் முடியும். ஆலைக்காரர் ஜெர்மனில் தரும் பதிவேட்டைப் படிக்கத் தெரியாதவரைச் சரிபார்ப்புக்கு எடுக்க மாட்டார்கள். ஏஜென்ட் விற்கும் ஆங்கிலவழிப் படிப்பில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அதன் பிறகும் போக ஆசை இருந்தால் நம் படிப்புச் சான்றிதழ்களை ஜெர்மன் தரப்பு சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்று எடுத்து அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கட்டும். லவுசிட்ஸிலேயே கோட்புஸில் ஒன்று இருக்கிறது, சுரங்கமும் மின்நிலையமும் பக்கத்தில். படிப்பு முடிந்தால் வேலை தேட 18 மாதம் தங்கலாம்.

பெரிய மனிதர்களைக் கூட்டி வைத்து முடிவெடுக்க வேண்டாம். இந்த வாரம் உங்கள் ஷிப்ட் முடிந்ததும் ஆய்வகத்தில் கேட்டு, மகளை ஒரு நாள் உள்ளே அழைத்துப் போங்கள். பெல்ட்டிலிருந்து மாதிரி எடுப்பதையும், பை கட்டுவதையும், ஈரப் பதிவேட்டையும் அவள் பார்க்கட்டும். ஏஜென்டிடம் முன்பணம் ஏதும் கட்டியிருந்தால் திருப்பித் தரும் நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.